போர்வையும் தேரும்

(மலையூர்ப் பிள்ளைகளின் மாலை வகுப்பு குறித்து, வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

'சங்க இலக்கியத்தில் மலையும் மக்களும்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு வட்டத்தின் செயலாளர் என்னைப் பணித்தார். இசைந்தேன். ஆனால் 'மக்கள்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. மாந்தர் என்பது ஒன்று. பெற்ற பிள்ளைகள் என்பது மற்றொன்று. இரண்டாம் பொருளை எடுத்துக்கொள்ள உங்கள் இசைவை வேண்டுகிறேன். பழனி மலைத் தொடரில் மாலை நேரத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். சங்க இலக்கியமும் இவ்வுரையில் வரும், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பேகனின் மலை

நாம் கூடியிருக்கும் இம்மலைத் தொடரின் அடிவாரம் ஆவியர் குடியினர் ஆண்ட நிலம். அக்குடியில் தோன்றிய வையாவிக் கோப்பெரும் பேகன், மயில் குளிரால் நடுங்குமே என்று இரங்கித் தன் போர்வையை அதன்மேல் போர்த்தினான். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி இது. பெறுவது யார், அவருக்கு அது பயன்படுமா என்று ஆராயாமல் கொடுப்பதைக் 'கொடைமடம்' என்று நம் முன்னோர் அழகாகக் குறித்தனர். அச்சொல்லில் பாராட்டும் உண்டு. மெல்லிய நகைப்பும் உண்டு.

பேகனைப் பற்றிய மற்றொரு செய்தியை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்களும் அவனைக் குறித்தனவே. பாடியவர்கள் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என நால்வர். பேகன் பிரிந்துவிட்ட அவன் மனைவி கண்ணகி தன் வீட்டில் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அந்நால்வரும் வள்ளலிடம் பொன் கேட்கவில்லை. தாங்கள் பசித்து வரவில்லை என்கிறார் பரணர். அணிகலனும் செல்வமும் இருக்கட்டும் என்கிறார் அரிசில்கிழார். அவர்கள் வேண்டிய பரிசில் ஒன்றே: தேரைப் பூட்டிக்கொண்டு நீயே அவளிடம் செல்.

மயிலுக்குப் போர்வை எளிதில் கிடைத்துவிட்டது. வீட்டில் அழுதவளுக்கோ ஆள் போகவேண்டியிருந்தது. பொருள் கொடுப்பதற்கும் நேரில் செல்வதற்கும் இடையே உள்ள இந்த வேறுபாடுதான் என் உரையின் கரு.

இரு கோடைக்கானல்கள்

கோடைக்கானல் கல்விக்குப் பெயர் பெற்ற ஊர். அயல்நாட்டு மறைப்பணியாளர்கள் தங்கள் பிள்ளைகள் கடல் கடந்து பிரிந்திராமல் அருகிலேயே படிக்கவேண்டும் என்று 1901இல் நிறுவிய பள்ளி, இன்று பன்னாட்டுப் பள்ளியாக விளங்குகிறது. கதிரவனை ஆராயும் வானாய்வகம் 1899 முதல் இங்கே உள்ளது. ஜான் எவர்ஷெட் 1909இல் கதிரவப் புள்ளிகளில் வளிமங்களின் ஓட்டத்தைக் கண்டறிந்தது இங்கிருந்துதான். 1984இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இவ்வூரில் தோன்றியது. இவை நாம் பெருமைகொள்ளத் தக்கவை.

நகரைத் தாண்டினால் மேல்மலை. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை, கூக்கால் என ஊர்கள் மடிப்பு மடிப்பான சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் அங்கே பயிர். கிழக்கே இறங்கினால் கீழ்மலை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, பாச்சலூர் வட்டாரங்களில் காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகின்றன. இவற்றுக்கு இடையே பளியர் முதலான பழங்குடியினரின் சிறு குடியிருப்புகள் உள்ளன. வண்டிச்சாலை இன்றி நெடுங்காலம் ஒற்றையடிப் பாதையை மட்டுமே நம்பியிருந்த வெள்ளகெவி போன்ற ஊர்களும் உண்டு.

இவ்வூர்ப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கும் உள்ள தொலைவைக் கிலோமீட்டரில் அளந்தால் கணக்குத் தவறும். மேல்மலையில் காட்டுமாடு வழிமறிக்கும், கீழ்மலையில் யானை. பூண்டு அறுவடை நாளில் பெரிய பிள்ளை கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவேண்டும். தோட்டக் கூலிக்குப் பெற்றோர் வேறிடம் போனால் பிள்ளையும் உடன் போகும். தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிய பெரும்பொழுதுகளாக வகுத்தார். நாம் அதை அகத்துறைக்கு ஏற்ற பின்னணியாகக் கற்பிக்கிறோம். இருள் கவ்வும் கூதிர் மாலையில் ஓர் எட்டு வயதுப் பெண் பிள்ளை தொலைவிலுள்ள வகுப்புக்குப் போய்த் திரும்ப முடியாது என்பதும் அவ்விலக்கணத்துள் அடங்கிய உண்மையே.

பத்தொன்பது மாதங்கள்

2020 மார்ச் நடுவில் பெருந்தொற்றால் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. பத்தொன்பது மாதங்களுக்கு மேல் ஆகிவிட்டது. நகரத்துப் பிள்ளைக்குக் கைபேசி வகுப்பு கிடைத்தது. மலையூரில் கைபேசி இருந்த வீட்டிலும் கோபுரத்தின் அலை எட்டுவதற்குப் பாறைமேல் ஏறவேண்டியிருந்தது. ஒன்றாம் வகுப்பில் 'அ', 'ஆ' எழுதத் தொடங்கிய குழந்தை, அரிச்சுவடி முடியுமுன்பே மூன்றாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தது.

இவ்விழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்ததே 'இல்லம் தேடிக் கல்வி'. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் தொடங்கிவைத்தார். மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையே ஒன்றரை மணி நேரம் வகுப்பு. கற்பிப்பவர் அவ்வூரிலேயே வாழும் தன்னார்வலர். தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும் உயர் தொடக்க வகுப்புகளுக்குப் பட்டமும் தகுதிகளாக இருந்தன. ஊக்கத்தொகை மாதம் ஆயிரம் ரூபாய். மாநிலம் முழுவதும் சேர்ந்த தன்னார்வலர்களில் பெரும்பான்மையோர் பெண்கள்.

இதனால் விளைந்தது என்ன என்று கேட்கலாம். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியல் அறிஞர் மூவர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை ஆராய்ந்து 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பள்ளிகள் திறந்து ஆறு மாதத்துக்குள் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஈடாயிற்று என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் அவர்கள் கண்டனர். பெரிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ இதைச் செய்யவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி திண்ணையில் பாய் விரித்து உட்கார்ந்ததால் நேர்ந்தது இது.

தொடர்ந்து 2022-23 கல்வியாண்டில் தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அதில் பிள்ளைகளை அவர்கள் அறிந்த அளவுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாக வகுத்தார்கள். பூவின் பருவங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்த மொழி நம் மொழி. அச்சொற்கள் வகுப்பறைக்கு வந்தது கண்டு மகிழ்ந்தேன். 'மக்கு' என்று ஒரு பிள்ளையைச் சொல்வதற்கும் 'அரும்பு' என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவிஞர்களாகிய உங்களுக்கு நான் விளக்கவேண்டுவதில்லை. அதே 2022இல் செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் முதற்கட்டத்திலேயே மலைப்பகுதிப் பள்ளிகளும் இடம்பெற்றன. பசித்த வயிற்றுக்கு எழுத்து ஏறாது என்பதை 1956இல் காமராசர் அறிந்திருந்தார். காலைப் பசிக்கும் அது பொருந்தும் என்பதை இத்திட்டம் ஏற்றுக்கொண்டது.

நான் போர்த்திய போர்வை

இனி என் பிழை ஒன்றைச் சொல்லவேண்டும்.

கீழ்மலையில் ஒரு சிற்றூர், பெயர் வேண்டா. என் மாணவியர் சிலருடன் அங்கே நடந்த மாலை வகுப்பைக் காணச் சென்றேன். வெறுங்கையுடன் போகலாகாது என்று ஒரு பெட்டி நிறையக் கதைப் புத்தகங்கள் கொண்டுபோனேன். வண்ணப் படங்கள், வழவழப்பான தாள். பிள்ளைகள் வரிசையில் நின்று பெற்றுக்கொண்டார்கள். படம் எடுத்துக்கொண்டோம். மனநிறைவோடு மலையிறங்கினேன்.

ஓராண்டு கழித்து மறுபடியும் போக நேர்ந்தது. புத்தகங்கள் ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றும் கிழியவில்லை, ஓரம்கூட மடங்கவில்லை. புத்தகம் அப்படிப் புதிதாக இருப்பதைவிட ஓர் ஆசிரியைக்கு வேறு தண்டனை தேவையில்லை. வகுப்பு நடத்தும் பெண்ணைக் கேட்டேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. புத்தகம் நெறைய இருக்கு. கூட ஒக்காந்து வாசிச்சுக் காட்டத்தான் ஆளு இல்ல. நான் ஒருத்தி, புள்ளைங்க இருவது பேரு."

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அந்தப் பெண், புறநானூற்றுப் புலவர் நால்வர் சொன்னதையே முனைவர் பட்டம் பெற்ற எனக்குச் சொன்னாள். நான் மயிலுக்குப் போர்வை போர்த்திவிட்டு வந்திருந்தேன்.

அன்று வகுப்பில் அமர்ந்தேன். ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மூலையில் இருந்தான். கரும்பலகையில் 'நேற்று மழை பெய்தது' என்று எழுதி, படிக்கச் சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவிப் படித்து முடித்தான். "என்ன சொல்லியிருக்கிறது?" என்றேன். விழித்தான். எழுத்து தெரிந்திருந்தது, பொருள் தெரியவில்லை. நான் அடுத்த பிள்ளையை நோக்கித் திரும்பிவிட்டேன். அந்தப் பெண் திரும்பவில்லை.

"டேய், நேத்து மழ பேஞ்சுச்சா இல்லியா?"

"பேஞ்சுச்சுக்கா. ராத்திரி ஆன வந்துச்சு. நாங்க ஒறங்கவே இல்ல."

அவன் சொன்னதை அவன் சொன்னபடியே அவள் பலகையில் எழுதினாள். அவனைப் படிக்கச் சொன்னாள். தன் வாயிலிருந்து வந்த சொற்கள் பலகைமேல் இருப்பதைக் கண்டு சிரித்துக்கொண்டே படித்தான், தடுக்கவில்லை. பிறகு ஒவ்வொரு வரியின் கீழும் நூல்வழக்கில் எழுதினாள். 'பேஞ்சுச்சு' என்பதன் கீழ் 'பெய்தது'. 'ஆன வந்துச்சு' என்பதன் கீழ் 'யானை வந்தது'. 'ஒறங்கல' என்பதன் கீழ் 'உறங்கவில்லை'. "ரெண்டும் ஒண்ணுதான்டா. இது நாம பேசுறது, இது புத்தகம் பேசுறது" என்றாள்.

பேச்சுவழக்குக்கும் எழுத்துவழக்குக்கும் உள்ள இடைவெளி குறித்து நானும் கட்டுரைகள் எழுதியவள்தான். அவ்விடைவெளியில் ஒரு பிள்ளை தவறி விழுவதையும், ஒரு பெண் சுண்ணாம்புக்கட்டியால் பாலம் கட்டுவதையும் அன்றுதான் நேரில் கண்டேன்.

நன்னூல் சொல்லும் ஆசிரியர்

பவணந்தியார் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று உவமையால் வகைப்படுத்தினார். மலையூர்ப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது நம்மில் பலர் எளிதில் எடுத்துக்கொள்வது ஓட்டைக்குடம். 'எவ்வளவு ஊற்றினாலும் நிற்பதில்லை' என்கிறோம். அதே பவணந்தியார் நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமை சொன்னார் என்பதையும், கற்பவன் எவ்வாறு ஏற்பான் என்று அறிந்து அவன் உள்ளம் கொள்ளுமாறு கற்பிப்பதே கற்பித்தல் என்று விதித்தார் என்பதையும் மறந்துவிடுகிறோம். குடத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்குமுன், நாம் ஊற்றிய நீர் குடத்தின் வாயில் விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று பார்க்கவேண்டாமா?

பூண்டு விளைவிக்கும் வீட்டுப் பிள்ளை அதைப் 'பூடு' என்கிறது. புத்தகத்தில் 'பூண்டு' என்று கண்டதும், அது தன் வீட்டுப் பரண்மேல் காயும் பொருள்தான் என்று அதற்குத் தோன்றுவதில்லை. பளியர் குடியிருப்புப் பிள்ளைக்கு இத்தொலைவு இன்னும் மிகுதி. அதன் வீட்டுமொழி நம் பேச்சுத்தமிழினின்றும் வேறுபட்டது. தேன் எடுக்கும் பருவமும் கிழங்கின் வகையும் அறிந்த அப்பிள்ளை, வகுப்பில் ஒன்றும் அறியாததுபோல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அறிவு இல்லாமல் இல்லை. அதன் அறிவுக்கு நம் ஏட்டில் இடம் இல்லை.

இதில் என்ன கேடு என்று எண்ணிவிடலாகாது. எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளைத் தேர்வில் நிறுத்திவைப்பதில்லை என்பது நம் மாநிலத்தின் நெறி. அது நல்ல நெறி. குழந்தையை அவமானத்திலிருந்து காக்கிறது. ஆனால் மூன்றாம் வகுப்பில் தவறவிட்ட வாசிப்பை இடையில் எவரும் கைகொடுத்து மீட்காவிட்டால், அப்பிள்ளை ஒன்பதாம் வகுப்பின் பருமனான புத்தகத்தின் முன் தனியே நிற்கும். அதன்பின் மாணவனுக்குத் தோட்டக் கூலி. மாணவிக்கு விரைந்த திருமணம். எப்படியோ தப்பிக் கல்லூரி வரை வந்து சேரும் மலையூர் மாணவியர் சிலரை முதலாண்டு வகுப்பில் காண்கிறேன். வாசிக்கச் சொல்லிவிடுவேனோ என்று தலைகுனிந்து இருப்பார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம், வராமற்போனவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

எழுத்தாளர்கள் இதற்குமுன் மலையேறாதவர்கள் அல்லர். 1990களில் அறிவொளி இயக்கம் நடந்தபோது பாட்டெழுதியவர்களும் நாடகம் போட்டவர்களும் ஊர் ஊராகச் சென்றனர். புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். ச. தமிழ்ச்செல்வன் தம் அறிவொளிப் பட்டறிவை 'இருளும் ஒளியும்' என்னும் நூலாக எழுதினார். கற்பிக்கப் போனவர்கள் கற்றுத் திரும்பினார்கள் என்பதே அவ்வியக்கத்தின் செல்வம்.

அரசின் திட்டங்கள் வரும், காலத்துக்கேற்ப மாறும், சுருங்கவும் கூடும். பிள்ளைகள் மட்டும் ஆண்டுதோறும் புதிதாக வந்துகொண்டே இருப்பார்கள். எனவே நம் வட்டம் பதினோராம் ஆண்டில் செய்யத்தக்க சிலவற்றை முன்வைக்கிறேன்.

முதலாவது, உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்கு எட்டும் தொலைவில் ஒரு குடியிருப்பை ஏற்று, வாரத்தில் ஒரு மாலை, குறித்த நாளில், தவறாமல் செல்லவேண்டும். ஒருநாள் நூறு பேர் போவதால் பயனில்லை. ஒருவரே நாற்பது முறை போகவேண்டும்.

இரண்டாவது, பாடம் நடத்தும் பொறுப்பு அவ்வூர்ப் பெண்ணுக்கே உரியது. நாம் அவளுக்குத் துணை. அவளுக்கு மேல் அல்லர். அவள் ஐந்து பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும்போது நாம் மற்ற ஐவருக்கு வாசித்துக் காட்டலாம்.

மூன்றாவது, அறிவுரை வேண்டா. கதை போதும். உரக்க வாசியுங்கள், இடையில் நிறுத்துங்கள், 'அப்புறம்?' என்று பிள்ளை கேட்கட்டும்.

நான்காவது, பிள்ளைகள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். யானை வந்த இரவு, பாறைமேல் ஏறிக் கைபேசி பிடித்த அண்ணன், பாட்டி காட்டிக்கொடுத்த கீரை என்று அவர்கள் சொல்வதையெல்லாம் அவர்கள் சொல்லிலும் நூல்வழக்கிலும் இரு வரியாக எழுதி, அவர்கள் வாசிக்கும் சிறு நூலாக்குங்கள். அந்நூலை நம் வட்டமே வெளியிடட்டும். இத்தனை தொகுதிகள் வெளியிட்டோம். நமக்கு நாமே முன்னுரை எழுதிக்கொண்டோம். இம்முறை கீழ்மலைப் பிள்ளை ஒன்று தன் பெயரை அட்டையில் தானே வாசிக்கட்டும்.

நானும் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பவளாக உங்கள்முன் நிற்கவில்லை. தகரப் பெட்டியைக் கண்ட மறுவாரம் முதல் வியாழன்தோறும் அவ்வூருக்குப் போகிறேன். சில வியாழன்கள் மழையால் தப்பியதுண்டு. அங்கே பெரிய அற்புதம் எதுவும் நிகழவில்லை. அந்தச் சிறுவன் இன்னும் சரளமாக வாசிப்பவன் அல்லன். ஆனால் சென்ற மாதம் நான் ஊர் திரும்பப் பேருந்துக்காக நின்றபோது வழித்துணையாக வந்திருந்தான். பனிமூட்டத்தில் வண்டி வந்தது. பெயர்ப்பலகையை நான் பார்க்குமுன் அவன் உரக்கப் படித்தான்: "தாண்டிக்குடி! அம்மா, இது ஒங்க வண்டி இல்ல."

அன்று அவன் எனக்கு வழிகாட்டினான். அந்தத் தகரப் பெட்டியின் புத்தகங்களிலும் இப்போது ஓரம் மடங்கியவை சில இருக்கின்றன. ஒன்றிரண்டு கிழிந்தும் விட்டன.

அன்று இம்மலையின் தலைவனிடம் புலவர்கள் பொருள் வேண்டா, தேரேறிச் செல் என்றார்கள். இன்று அச்சொல் புலவர்களாகிய நம்மை நோக்கித் திரும்பியிருக்கிறது. நம்மிடம் தேர் இல்லை. மாலை நாலரை மணிப் பேருந்து இருக்கிறது. வாருங்கள்.